எழுபது கிலோவுக்கு மேல்

எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு எடைகளைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். ஒன்று கரும்பின் எடை, இன்னொன்று என் எடை. கரும்பு எடை குறைந்துவிடுமோ என்று அப்பா கவலைப்படுவார். என் எடை குறையவே மாட்டேன் என்கிறதே என்று அம்மா கவலைப்படுவாள். வெட்டு தள்ளிப்போய்க் கரும்பு பூத்துவிட்டால் உள்ளே சாறு வற்றி வெறும் நெட்டியாகிக் காய்ந்து, ஆலைத் தராசில் ஏற்றும்போது டன் கணக்கில் அடிபடும். எனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. வெயிலில் நின்றாலும் பட்டினி கிடந்தாலும் நான் அப்படியே இருந்தேன்.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் எங்கள் ஊர். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு எழுபத்திரண்டு கிலோ. ரேஷன் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்துச் சொன்னது சித்தப்பா. சொன்னதோடு விட்டாரா, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார். அவருக்கு அது தமாஷ். அன்றைக்கு ரேஷன் வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் தமாஷ்தான்.

கரும்பு வெட்டு நடக்கிற மாதங்களில் எங்கள் ரோட்டில் டிராக்டர்கள் இரண்டு பக்கமும் கரும்பு பிதுங்க ஆடி ஆடிப் போகும். எதிரில் வருகிற பஸ் ஒதுங்கி நிற்கும். நான் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறினால் படிக்கட்டில் தொங்குகிற பையன்களில் ஒருத்தன், "ஓவர்லோடு வருது, ஒத்து ஒத்து" என்பான். அவன் மேஸ்திரி மகன். பதினொன்றாவது படித்தான்.

மேஸ்திரி யார் என்று சொல்லிவிட வேண்டும். ஆலை எங்களுக்கு வெட்டு நாளைக் குறித்துக் கொடுத்துவிடும். ஆனால் வெட்டுவதற்கு ஆள் வேண்டுமே. கல்வராயன் மலையிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக இறங்கி வருகிற வெட்டாட்களைக் கூட்டி வந்து கொட்டகை போட்டுத் தங்கவைத்து, இன்றைக்கு இந்தக் கரும்புக் கொல்லை, நாளைக்கு அந்தக் கொல்லை என்று அனுப்புகிறவர் மேஸ்திரி. எங்கள் ஊரைச் சுற்றி ஒரே மேஸ்திரிதான். கலெக்டரை எதிர்த்துப் பேசுகிற விவசாயிகூட அவர் வந்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்வான்.

அவர் மகன் வாயோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் ஏறும்போதும் இறங்கும்போதும் இடுப்பில் கிள்ளுவான். விளையாட்டுக் கிள்ளு இல்லை. சதையை இரண்டு விரலில் பிடித்துத் திருகிவிடுவான். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது பார்த்தால் கன்றிப்போய்ப் பச்சையாக இருக்கும். பின்னால் நிற்கிற பையன்கள் சிரிப்பார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் என் இடுப்பைப் பற்றித்தான் பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வயதிலேயே அவ்வளவு விவரம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு சார் பைக்கில் வந்து, மூடிக்கிடந்த ரைஸ் மில்லின் நெல் காயப்போடுகிற களத்தில் ஜூடோ சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்பு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் போகிறேன் என்று சொன்னதும் அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அடுத்த தெருவில் வாக்கப்பட்டிருந்தாலும் பகல் முழுக்க எங்கள் வீட்டில்தான் குடித்தனம்.

"இதுக்கு இன்னாத்துக்குடி தற்காப்பு? இத யாரு தூக்கிகினு போவ முடியும்? கிரேன்தான் வரணும்."

"ஒடம்பு கம்மியாவும்னு சொல்றாங்க அண்ணி. போய்ட்டு வரட்டும்" என்றாள் அம்மா. அம்மா அனுமதி கொடுத்ததற்குக் காரணம் அவ்வளவுதான். கொள்ளுக் கஞ்சி, கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல் என்று வருஷக்கணக்காக எனக்கு ஊட்டிப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தாள். இதையும் ஒரு மருந்து மாதிரி நினைத்தாள்.

சார் என்னைப் பார்த்ததும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். ஆனால் பார்த்து முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதுவரைக்கும் என் உடம்பைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டதில்லை.

"எழுவதுக்கு மேல இருப்ப இல்ல?" என்றார்.

"எழுவத்தி ரெண்டு சார்."

"சூப்பர். கொறைக்காத."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். என்னிடம் யாரும் குறைக்காதே என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை அந்த ஒரு வார்த்தையைத் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூடோ மெத்தை வாங்கக் காசு ஏது. காலி உரச் சாக்குகளில் கரும்பின் காய்ந்த இலையான சோகையை அடைத்துத் தைத்துக் களத்தில் பரப்பியிருந்தார்கள். அதன்மேல் விழ வேண்டும். முதல் மாதம் முழுக்க விழுவதுதான் பாடம். பக்கவாட்டில் விழு, மல்லாக்க விழு, விழுந்ததும் கையால் ஓங்கித் தரையை அடி. நான் விழுந்தால் சாக்கிலிருந்து புழுதி கிளம்பும். மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சோகையின் ஓரம் சாக்கைக் கிழித்து வெளியே வந்து முழங்கையை அறுத்துவிடும். குளிக்கும்போது எரியும். ஜூடோவுக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டுகளில் இருப்பதிலேயே பெரிய சைஸ் எனக்கு முன்பக்கம் ஒன்றுசேரவில்லை. அம்மா அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, நாலாக மடித்து, இரண்டு விலாவிலும் பட்டை கொடுத்துத் தைத்தாள். தைக்கும்போது, "சீக்கிரம் இத பிரிச்சிப் போடற மாதிரி ஆவணும்" என்றாள்.

விழுந்து பழகிய பிறகு பலத்துக்குப் பயிற்சி. டிராக்டர் பின் டயரைப் புரட்டிக்கொண்டே களத்தை ஒரு சுற்று வர வேண்டும். கரும்புக் கட்டைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ வேண்டும். என்னைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் ஒருத்தராலும் டயரை அசைக்க முடியவில்லை. நான் கையைக் கொடுத்து, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு மூச்சில் தள்ளினேன். டயர் எழுந்து நின்று மறுபக்கம் விழுந்தது. எனக்கே ஆச்சரியம். அந்த உடம்பு அத்தனை வருஷமும் எனக்கு அவமானத்தை மட்டுமே கொடுத்திருந்தது. அது நான் சொல்கிற வேலையைச் செய்யும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சந்தோஷத்தில் யாரும் சொல்லாமலே இன்னொரு தடவை புரட்டினேன்.

சில மாதங்களில் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்து, முதுகைக் காட்டித் திரும்பி, இடுப்பில் ஏற்றி முன்னால் போடுகிற வித்தை எனக்கு நன்றாக வந்தது. மற்றவர்கள் தம் கட்டிச் செய்கிறதை நான் லேசாகச் செய்தேன். இடுப்பு என்று ஒன்று எனக்கு ஏராளமாக இருந்ததே.

அங்கேதான் இழுபறி ஆரம்பித்தது. டயர் புரட்டியதில் உடம்பு இறுகி எடை இறங்கத் தொடங்கியது. அம்மாவுக்குக் கொண்டாட்டம். கொள்ளுக் கஞ்சியை இரண்டு மடங்காக்கினாள். சாருக்குத் திகில். பயிற்சி முடிந்ததும் மற்றவர்களை அனுப்பிவிட்டு எனக்கு மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து எதிரில் நின்று தின்னச் சொல்வார். வீட்டில் ஒருத்தி குறைக்கிறாள், களத்தில் ஒருத்தர் ஏற்றுகிறார். நடுவில் என் வயிறு படாதபாடு பட்டது. இரண்டு பேரில் ஒருத்தர்கூட உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு பஸ்ஸில் நிம்மதியாக ஏறி இறங்க வேண்டும்.

சாரின் கணக்கு மாவட்டப் போட்டி அன்றைக்குக் கள்ளக்குறிச்சியில்தான் புரிந்தது. பெண்களில் எழுபது கிலோவுக்கு மேல் என்று ஒரு பிரிவு உண்டு. அதில் சேர ஒரு பள்ளிக்கூடத்திலும் பிள்ளை கிடையாது. குண்டாக இருக்கிற பிள்ளையை யார் விளையாட அனுப்புகிறார்கள்? ஆகவே போய் நின்றாலே தங்கம். அன்று காலை தராசில் நான் எழுபதைத் தொடவில்லை, கொஞ்சம் குறைந்தது. சார் என்னை வெளியே கூட்டிப்போய் இரண்டு பாட்டில் தண்ணீரைக் குடிக்கவைத்தார். பழமும் வந்தது. வயிறு கல்லாகி, வாந்தி தொண்டைவரை வந்து நிற்க, மறுபடி ஏறினேன். முள் கோட்டைத் தாண்டியது.

"கீழ் பிரிவுலயே ஆடறேன் சார். அங்க நாலு பேரு இருக்காங்க" என்று கெஞ்சினேன். நிஜமாகவே ஒருத்தியையாவது பிடித்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

"அங்க போனா தோத்தாலும் தோப்ப. இங்க சும்மா நில்லு, போதும்" என்றார்.

சும்மா நின்றேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எதிராளி உண்டா என்று கேட்டார்கள். எதிரே காலியாக இருந்த மெத்தைக்கு நான் குனிந்து வணக்கம் சொன்னேன், அது விதி. நடுவர் என் கையைத் தூக்கினார். பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். கழுத்தில் தங்கப் பதக்கம் ஏறியது. அன்றைக்கு நான் செய்த ஒரே காரியம் தண்ணீர் குடித்ததுதான்.

ஊருக்கு அதெல்லாம் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். என் படம் ஆள் உயரத்துக்கு. இதுநாள்வரை என் எடையைச் சொல்லிச் சிரித்த சித்தப்பாதான் முன்நின்று வைத்தார். "வீரத்தமிழச்சி" என்று போட்டிருந்தது. கீழே வாழ்த்துவோர் வரிசையில் வார்டு மெம்பர், சார், அவர்களுக்கு நடுவில் வெள்ளைச் சட்டையில் கை கூப்பிய மேஸ்திரி. அத்தை எனக்குச் சுற்றிப்போட்டாள். அப்பா டீக்கடையில் இரண்டு டீ சேர்த்து வாங்கிக் கொடுத்ததாகப் பேச்சு. எனக்கும் கூச்சமாக இருந்தாலும் உள்ளுக்குள் பெருமைதான். அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தாவது அவன் கையைச் சுருட்டிக்கொள்வான் என்று நம்பினேன்.

அவன் சுருட்டவில்லை. ஃப்ளெக்ஸ் வைத்த வாரமே, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "வீரத்தமிழச்சி, எறங்குங்க எறங்குங்க" என்று வழிவிடுகிற மாதிரி ஒதுங்கி, பழைய இடத்திலேயே பிடித்துத் திருகினான். நான் இறங்கித் தரையில் கால் வைத்தேன். அவனும் சிரித்துக்கொண்டே பின்னாலேயே இறங்கினான். அப்புறம் நடந்ததில் நான் யோசித்துச் செய்தது எதுவும் இல்லை. சட்டையைப் பிடித்தேன், திரும்பினேன், இடுப்பில் ஏற்றினேன். சோகை மெத்தை இல்லாத இடத்தில் போடுகிறோம் என்பது அவன் விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் உறைத்தது. விழுவதற்கு அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டது. ஃப்ளெக்ஸில் நான் பதக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

என் வாழ்நாளில் நான் ஆடிய ஒரே ஆட்டம் அது. வீடு முழுக்கக் கூடி விசாரித்தார்கள்.

"இடுப்புல கிள்னான்" என்றேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒனக்கு இருக்கிற இடுப்புக்கு எவன்டி கிள்ளப் போறான்? கை பட்டிருக்கும். பஸ்ஸுல நீ நின்னா மத்தவங்களுக்கு ஏது எடம்?"

அதற்குமேல் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா என் முகத்தையே பார்த்தாள். நம்புகிறாளா இல்லையா என்று தெரியாத பார்வை. எழுந்துபோய் அடுப்பில் ஏதோ கிண்டினாள்.

மேஸ்திரி சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. எங்களுக்கு வெட்டு நாள் வந்தது, ஆட்கள் வரவில்லை. கேட்டால், "அனுப்பறேன், பாக்கலாம்" என்றார். பக்கத்துக் கொல்லைகளில் கரும்பு சாய்ந்து டிராக்டரில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கொல்லையில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூ எடுத்துக் காற்றில் ஆடியது. அப்பா தினமும் போய் ஒரு கரும்பை ஒடித்து, நடுவில் பிளந்து, நெட்டி எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். வந்து சோற்றில் கை வைக்கமாட்டார். ஒரு வருஷ உழைப்பு அது. எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது. கடைசியில் சித்தப்பா தூது போய் ஒரு வழி சொல்லிக்கொண்டு வந்தார். பெண் பிள்ளை நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அவ்வளவுதான், பெரிய மனுஷன், வேறு எதுவும் கேட்கவில்லை என்றார்.

அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போனோம். மேஸ்திரி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகன் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு கதவோரம் நின்றான். கொட்டகையிலிருந்து வெட்டாட்கள் சிலர் எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் கோவம் இல்லீங்க. பொண்ணுனா கொஞ்சம் அடக்கம் வேணும், அதான்" என்றார் மேஸ்திரி. என்ன மரியாதை, என்ன மரியாதை.

அப்பா என் முதுகைத் தொட்டு முன்னால் தள்ளினார். என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருந்தார்கள். "மன்னிச்சிடுங்க அண்ணா" என்றேன். அண்ணா என்று சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது அத்தையின் யோசனை. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினான். ஊமைக்காயம் ஆறிக்கொண்டிருந்த இடுப்பு அப்போது மறுபடி வலித்தது. இன்றைக்கும் அந்த வார்த்தையை யாரையாவது கூப்பிடும்போது நாக்கில் ஒரு கசப்பு வருகிறது.

மறுநாள் விடிவதற்குள் வெட்டாட்கள் எங்கள் கொல்லையில் இறங்கிவிட்டார்கள். அன்று என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அம்மாவோடு தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு வரப்பில் போனேன். வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், குச்சி மாதிரி உடம்பு, எனக்கு அக்கா வயது இருக்கும், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இதானா அந்தப் புள்ள?" என்று அம்மாவைக் கேட்டாள். அவள் கத்தியை நிறுத்தாமலே, "எங்களயும் வுடறதில்லக்கா அந்தப் பையன். தண்ணிக்குப் போனா பின்னாடியே வருவான். இன்னாத்த சொல்றது, அவங்க அப்பன் கிட்டதான வேல" என்றாள். கரும்பு சாய்ந்தது. அடுத்ததைப் பிடித்தாள்.

அம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றாள். தண்ணீர் தளும்பிப் புடவை நனைந்ததுகூடத் தெரியாமல் நின்றாள். "அம்மா, வா போலாம்" என்று நான்தான் இழுத்தேன். எனக்கு எப்போது வீட்டுக்குப் போய் ஒளிந்துகொள்வோம் என்று இருந்தது.

ஜூடோ அதோடு நின்றது. சார் ஒரு தடவை வந்து, மாநிலப் போட்டியிலும் அந்தப் பிரிவில் ஆள் கம்மி என்று சொல்லிப் பார்த்தார். அப்பா அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார். ஃப்ளெக்ஸைச் சித்தப்பா அவிழ்த்துக்கொண்டு வந்தார். நல்ல கெட்டித் துணி, வீணாக்குவானேன் என்று கொல்லைப்புறக் குளியல் தடுப்புக்குக் கட்டினார்கள். படம் உள்பக்கமாக வந்துவிட்டது. தினமும் நான் குளிப்பதை அந்த வீரத்தமிழச்சி பதக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒன்று நடந்தது. வெட்டு முடிந்த வாரம் அம்மா கொள்ளுப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். எனக்கு நிறையச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, மேலே இரண்டு முட்டையும் வைத்தாள். எத்தனை வருஷமாக நான் பார்க்காத தட்டு.

"கொள்ளு?" என்றேன்.

"வேணாம். இளைச்சி இன்னா ஆவப் போவுது? துன்னு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

என்னைக் கைகழுவிவிட்டாள் என்று நினைத்தேன். இனி இவள் இளைத்தாலும் ஒன்று, பெருத்தாலும் ஒன்று, ஊர் சிரித்தாகிவிட்டது, எவன் கட்டப்போகிறான் என்று முடிவு பண்ணிவிட்டாள் என்று நினைத்தேன். அத்தை சொன்னதெல்லாம் சேர்ந்ததைவிட அந்த ஒரு தட்டு எனக்கு அதிகம் வலித்தது. பாதியைத் தின்றுவிட்டு, மீதியைக் கொல்லைப்புறம் எடுத்துப்போய் நாய்க்கு வைத்தேன். காலித் தட்டைப் பார்த்ததும் அம்மா முகம் தெளிந்தது. மறுநாள் இன்னும் ஒரு கரண்டி சேர்த்துப் போட்டாள். நான் இன்னும் ஒரு கரண்டி நாய்க்கு வைத்தேன். அப்படியே நாட்கள் போயின. வீம்புக்கு வேகம் அதிகம். கொள்ளும் டயரும் செய்யாததை அது செய்தது. பன்னிரண்டாவது முடிக்கும்போது என்னைப் பார்த்து ஊரே வாய் பிளந்தது. அத்தையே எனக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள். நாய் கொழுத்துவிட்டது.

பிற்பாடு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மாதான் புடவை கட்டிவிட்டாள். அவளே பழைய அளவைக் கொடுத்துத் தைத்த ரவிக்கை, கை இரண்டும் தொளதொளவென்று நின்றது. அதைப் பிடித்து ஊக்குக் குத்த வந்தவள் என் மேல்கையைத் தொட்டாள். விரலால் அழுத்திப் பார்த்தாள். இன்னொரு கையையும் பார்த்தாள்.

"இங்க கெட்டியா இருந்துச்சே" என்றாள். "டயரெல்லாம் பொரட்டுவியே. எங்க போச்சி அது?"

நான் இளைத்திருப்பதைப் பார்த்து அம்மா பூரித்துப்போய்க் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று கையை இன்னும் கொஞ்சம் நீட்டிக் காட்டினேன்.